பழைய வீட்டை இடிப்பதா, காப்பதா? வேலூர்ப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வாலாஜாபேட்டையில் இருக்கும் என் அம்மா வழித் தாத்தா வீட்டை இடித்துவிடலாம் என்று குடும்பமே கூடி முடிவெடுத்திருந்தது. கூடத்துச் சுவரில் மேலிருந்து பாதி உயரம் வரை ஓதம் இறங்கி உப்புப் பூத்திருந்தது. தாழ்வாரத்தில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து மேல்தளத்துச் செங்கல் வெளியே தெரிந்தது. பார்க்க வந்த பொறியாளர் பத்து நிமிடம் நின்றார், மாடிக்கு ஏறவே இல்லை, "லைஃப் முடிஞ்சிடுச்சு சார், இடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம், இடிக்கக் கூலி பேச வந்த ஆற்காட்டுக் கொத்தனார்தான் முதலில் மாடிக்கு ஏறினார். கைப்பிடிச்சுவர் மூலையில் ஒரு குச்சியை விட்டுக் கிளறினார். மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்புக்குள்ளிருந்து மக்கிய இலையும், விரல் தடிமனுக்கு அரச வேரும் வந்தன. எத்தனையோ வருடத்து மழை அந்த மூலையிலேயே தேங்கி, சுவருக்குள் இறங்கியிருக்கிறது. கீழே வந்து, மேல்தளத்தைத் தாங்கும் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "மரம் கல்லாட்டம் இருக்குது தம்பி. தண்ணி போவ வழியில்ல, அவ்ளோதான். ஒரு கட்டை மட்டும் முனையில செத்துருக்குது" என்றார். இடிக்கும் வேலை கைக்கு வந்திருக்கும்போது இதைச் சொன்ன மனிதர் அவர். அந்த வீடு இன்றும் நிற்கிறது. என் சித்தி அதில்தான் குடியிருக்கிறார்.

மூன்று வருடம் கழித்து, வேலூரில் பெரியப்பாவின் பழைய வீட்டை இடித்தோம். இடிக்கத்தான் வேண்டும் என்று சொன்னதே நான்தான். இரண்டு முடிவும் சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரண்டுக்கும் எப்படி வந்தோம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

1. முதலில் உயிர்

மரபு, ஞாபகம், பணம் எல்லாம் அப்புறம். இன்று இரவு அந்த வீட்டில் ஆள் படுக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. 2021 நவம்பர் மழையில் பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். ஊறிய சுவர் அவகாசம் கொடுத்து விழாது.

சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? போன மாதம் நன்றாகச் சாத்திய கதவு இப்போது திடீரென்று பிடிக்கிறதா? மேல்தளத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் தினமும் கொட்டுகிறதா? விரிசல் நாளுக்கு நாள் அகலமாகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, சவுக்குக் கழியாலோ இரும்பு ஜாக்கியாலோ முட்டுக் கொடுங்கள். முட்டுக் கொடுத்த வீட்டை இடிப்பதா, காப்பதா என்று ஆறு மாதம் கழித்துக்கூட நிதானமாக முடிவு செய்யலாம். பயத்தில் எடுத்த முடிவைத் திருப்ப முடியாது.

2. காகிதங்கள்

வீட்டைத் தட்டிப் பார்க்கும் முன் பீரோவைத் திறங்கள். மூலப்பத்திரம், பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அடிமனை கோயிலுடையதாகவும் கட்டடம் மட்டும் குடும்பத்துடையதாகவும் இருப்பது உண்டு. அப்படியானால் இடித்துவிட்டு நிற்கும்போது உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் நகராதீர்கள். பாகப்பிரிவினை ஆகாத வீடு என்றால் அக்கா, தங்கை, அத்தை எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தப்படி, இத்தகைய சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடம் என்று காட்டினால் பழுதுபார்க்க, புதுப்பிக்க அனுமதி கேட்கலாம்.

இதன் அர்த்தத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. அந்த எல்லைக்குள் வீட்டை இடித்தால் உங்களுக்கு மிஞ்சுவது காலி மனை. அதில் மறுபடி கட்ட முடியாமல் போகும். பழைய வீடு நிற்கும்வரைதான் அங்கே உங்களுக்கு வீடு உண்டு. அடுத்த 200 மீட்டரிலும் கட்டுவது, பழுதுபார்ப்பது இரண்டுக்கும் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். உங்கள் ஊரில் வேறு பாதுகாக்கப்பட்ட சின்னம் இருந்தால் அதற்கும் இதே கணக்குதான். சர்வே எண்ணோடு போய்த் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

இந்த எல்லைகளுக்கு வெளியே உள்ள பெரும்பாலான தனியார் வீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012-ல் வந்தது. அது இருந்தாலும் உங்கள் தெருவில் ஒரு திண்ணை வீடு நிற்பதும் விழுவதும் இன்றைக்கு வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் வீட்டுக்காரருக்காக இதை எழுதுகிறேன்.

3. வீட்டுக்கு வயது என்ன?

"நூத்தைம்பது வருஷம் இருக்கும்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். வீட்டையே கேளுங்கள், அது சரியாகச் சொல்லும்.

சீமை ஓடு (மங்களூர் ஓடு) போட்ட வீடென்றால் ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். காமன்வெல்த் என்று அச்சிருந்தால் அது முதல் உலகப்போருக்குப் பிந்திய ஓடு. இரும்பு கர்டர் இருந்தால் அதன் துருப்பிடித்த பக்கவாட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். டாடா என்றிருந்தால் 1912-க்கு முன் அது வந்திருக்க முடியாது, ஜாம்ஷெட்பூரில் எஃகு வடிக்கத் தொடங்கியதே அப்போதுதான். ஒன்றை மறக்கவேண்டாம்: ஓடும் கர்டரும் கூரையின் வயதைத்தான் சொல்லும். சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுச் சீமை ஓடு மாற்றிய வீடுகள் ஏராளம்.

குடும்பக் கதைகளையும் எழுதி வையுங்கள், ஆனால் தனித் தாளில். 1799-க்குப் பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கோட்டைக்குள் வைத்திருந்தது வரலாறு. அதனாலேயோ என்னவோ, வேலூரில் பாதிப் பழைய வீடுகளுக்குத் திப்புவோடு ஒரு சொந்தம் சொல்லப்படுகிறது. பத்திரமோ கல்வெட்டோ கடிதமோ இல்லாமல் அதை மதிப்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

4. காப்பாற்றும் அளவுக்கு என்ன இருக்கிறது?

வயது மட்டும் போதாது. நூறு வருடத்து வீடு எல்லாமே மரபு வீடு ஆகிவிடாது. நான் நான்கு விஷயம் பார்க்கிறேன்.

மறுபடி செய்ய முடியாத வேலை எது? கடைந்த மரத்தூண், தூணின் தலையில் வரும் போதிகை, செதுக்கிய வாசல் நிலை, மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய செங்கல் மேல்தளம், கண்ணாடி போல மெருகேறிய சுண்ணாம்புப் பூச்சு இவையெல்லாம் அந்தக் கணக்கில் வரும். அடுத்தது முழுமை. தூணை விற்று, முற்றத்துக்கு மேல் கான்கிரீட் போட்டு, தரையில் டைல்ஸ் ஒட்டி, திண்ணையைக் கடையாக்கிய வீட்டில் எஞ்சியது வெளிக்கோடு மட்டும்தான். வருத்தமாக இருந்தாலும் அதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, தெரு. வாலாஜாபேட்டையில் ஒரு திண்ணை வீடு தனியாக நிற்பதற்கும், பத்து வீடு வரிசையாகத் தாழ்வாரம் இறக்கி நிற்பதற்கும் நிறைய வித்தியாசம். ஆற்காடு நவாப் வாலாஜாவின் பெயரில் வளர்ந்த ஊர் அது. 1866-லேயே நகராட்சி ஆன ஊர். 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்தது வாலாஜா ரோட்டுக்குத்தான். அப்படியொரு ஊரின் கடைத்தெருவில் வரிசையின் நடுவில் ஒரு வீட்டைப் பிடுங்கினால் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். வரிசையில் இருக்கும் சாதாரண வீட்டுக்கும் நான் நல்ல மதிப்பெண் போடுவேன்.

நான்காவது, வீடு சொல்லும் வாழ்க்கை. இதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். குடியாத்தத்தில் குழித்தறி இருந்த கூடத்தோடு ஒரு நெசவாளர் வீட்டைப் பார்த்தேன். அலங்காரம் எதுவும் இல்லை. தறிக்குழி, அதற்கு வெளிச்சம் விழும்படி தாழ்வாக வைத்த சன்னல், பாவு நீட்டுவதற்கேற்ற நீளமான நடை, அவ்வளவுதான். அந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்பதை அந்த மூன்றும் காட்டிவிடும். தூண்களை இழந்த ஒரு வியாபாரி மாளிகையைவிட இந்த வீட்டைக் காப்பாற்றத்தான் நான் முதலில் ஓடுவேன்.

நான்கில் ஒன்றிலாவது உங்கள் வீடு நன்றாகத் தேறினால் அடுத்த படிக்குப் போங்கள். எதிலும் தேறவில்லை என்றால் கணக்கு வெறும் பணக்கணக்குதான், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

5. உடம்பைப் பார்ப்பது

இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை மே மாத வெயிலில், ஒருமுறை மழை பெய்துகொண்டிருக்கும்போது. ஒரு மழைக்காலம் கூடப் பார்க்காமல் "இடி" என்று சொல்பவரின் பேச்சுக்குப் பெரிய எடை கொடுக்காதீர்கள்.

மேலிருந்து தொடங்குங்கள். மாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தூம்புகளை எண்ணுங்கள், ஒவ்வொன்றிலும் குச்சி விட்டுப் பாருங்கள். அரசும் ஆலும் முளைத்திருந்தால் வெறும் கையால் பிடுங்காதீர்கள், வேர் உள்ளேயே அறுந்து நின்று மறுபடி தழைக்கும். அப்புறம் பாரம். மெட்ராஸ் டெரஸ் என்பது சின்னச் செங்கல்லை விளிம்பில் நிறுத்திச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டை ஓடு பதித்த தளம். மொத்த எடையும் தேக்குக் கட்டைகள்மேல்தான். ஒழுகுகிறது என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை மேலே சிமெண்ட் பூசிக்கொண்டே போனால் எடை ஏறிக்கொண்டே போகும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்பது ஒரு டன். அதைக் கட்டைகளின் நடுவில் வைத்துவிட்டு வீடு பழசாகிவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. தொட்டியை இறக்கினாலே பல தளங்களின் தொய்வு மேற்கொண்டு போகாமல் நின்றுவிடும்.

அடுத்தது கட்டைகள். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் சாகும். நடுவில் தட்டினால் கணீரென்று கேட்கும், முனையில் பொத்தென்று கேட்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். சுலபமாக அரை அங்குலம் உள்ளே போனால் அந்த முனை உளுத்துப்போய்விட்டது. பத்துக் கட்டையில் ஒன்றிரண்டு இப்படி இருந்தால் முனையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம், அல்லது பக்கத்தில் இரும்புத் தாங்கி கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். பாதிக்கு மேல் போயிருந்தால் கூரையையே பிரித்து மாற்றவேண்டிய செலவு வரும். கரையான் மண்கோடு தெரிந்தால் பயந்துவிட வேண்டாம். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான உள்மரத்தை, அது அவ்வளவு எளிதில் தின்னாது. நிலை, சன்னல், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் போன்றவற்றில் வேறு மரம் போட்டிருந்தால் அங்கேதான் நன்றாகத் தேடவேண்டும்.

சுவரில் ஓதத்தின் திசையைப் பாருங்கள். மேலிருந்து இறங்கினால் தூம்பு, கைப்பிடிச்சுவர், குழாய். கீழிருந்து ஏறினால் தரை. கீழிருந்து ஏறுவதற்கு நம் ஊரில் பெரிய காரணம் ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே போட்டதில், மூன்று படி ஏறிப்போன திண்ணைக்கு இப்போது ஒரு படிதான் இருக்கிறது. சில வீடுகளில் தரை ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. இரண்டாவது காரணம் சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரமாக ஏறி, உப்போடு சேர்ந்து செங்கல்லையே பொரியவைக்கும். அடிப்பகுதிச் சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவர் ஒரு கோடை காய்ந்த பிறகு, தாளித்த, அதாவது தண்ணீர் விட்டு நீற்றிய, சுண்ணாம்பில் பூசினால் பல சுவர்கள் பிழைத்துக்கொள்ளும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

விரிசலுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. சன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்காக வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். மழைக்காலம் முடியும்வரை கண்ணாடி உடையவில்லை என்றால் விரிசல் எப்போதோ ஏற்பட்டு நின்றுபோனது. உடைந்தால் அஸ்திவாரமோ சுவரோ இன்னும் நகர்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவர் ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் வேலை செய்தவராக அவர் இருக்கவேண்டும். புது அபார்ட்மென்ட் மட்டுமே கட்டியவருக்கு மரக்கட்டைத் தளத்தைப் பார்த்ததும் இடிக்கத்தான் தோன்றும். கூடவே ஒரு தச்சரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா வீட்டில் என்ன பார்த்தோம் என்று சொல்கிறேன். காரையைக் கொத்தியதும் உள்ளே செங்கல் இல்லை, மண் சுவர். வெளியே மட்டும் ஒற்றை வரிசைச் செங்கல். பக்கத்து மனையில் லாட்ஜ் கட்டத் தோண்டிய பிறகு அந்தப் பக்கச் சுவரில் ஒட்டிய மூன்று கண்ணாடியும் ஒரே மாதத்தில் உடைந்தன. சுவரின் அடிமண்ணைக் கையால் எடுத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. பதினான்கு கட்டையில் ஒன்பதின் முனை போயிருந்தது. முற்றத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். காப்பதற்கு என்று அங்கே மிஞ்சியிருந்தவை வாசல் நிலையும் நான்கு தூணும்தான். பெரியப்பா அந்தக் கண்ணாடித் துண்டுகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் "சரி, செய்யி" என்றார்.

6. பணம்

மூன்று மதிப்பீடு வாங்குங்கள்: இடித்துக் கட்ட, முழுதாகப் புதுப்பிக்க, ஒழுகலையும் ஆபத்தையும் மட்டும் நிறுத்த. மூன்றாவதை யாரும் தாமாகத் தரமாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். பல குடும்பங்களுக்கு ஐந்து வருட அவகாசம் வாங்கித் தருவது அதுதான்.

புதுக் கட்டடத்தின் வரைபடத்தைப் போட்டுப் பார்க்காமல் இடிக்காதீர்கள். பழைய தெருக்களில் மனை குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும், பக்கத்துச் சுவரும் பொதுச்சுவராக இருக்கும். இன்றைய விதிப்படி விடவேண்டிய இடத்தை விட்டால் மிஞ்சுவது சிலசமயம் இரண்டு அறைதான்.

இடிப்பவர் கூலி கேட்காமல், அவரே உங்களுக்குப் பணம் தருகிறேன் என்றால் உஷாராகுங்கள். அவர் விலை பேசுவது உங்கள் மரத்துக்கு. கட்டைகளை எண்ணி, நீள அகலம் அளந்து, பழைய மரம் வாங்கும் இரண்டு பேரிடம் தனியாக விலை கேட்டபிறகு அவரோடு பேசுங்கள்.

வேலூர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஒன்றரை அடிச் சுவரும் முற்றமும் உள்ள வீட்டில் பகலில் மின்விசிறி மட்டும் போட்டுப் படுக்கலாம். எங்கள் சித்தி இன்றும் ஏசி வாங்கவில்லை.

7. இரண்டுக்கும் நடுவில்

எல்லாமே ஒன்று அல்லது பூஜ்யம் இல்லை. முன்கட்டைக் காத்து, பின்கட்டை இடித்துப் புதிதாகக் கட்டலாம். திண்ணை, நடை, கூடம், முற்றம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் நல்ல வேலைப்பாடு இருக்கும். பின்னால் இருக்கும் சமையற்கட்டும் மாட்டுக்கொட்டகையும் பலமுறை மாற்றப்பட்டவைதான். கழிப்பறை, குளியலறை, மாடி எல்லாவற்றையும் பின்னால் புதுக் கட்டடத்தில் வைத்துக்கொண்டால் பழைய சுவருக்குத் தண்ணீர்க் குழாயே தேவைப்படாது. புதுக் கட்டடத்தின் பாரம் பழைய சுவரில் ஏறாதபடி இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். இது முடிகிற இடத்தில் இதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

8. இடிப்பதுதான் என்றால்

நகராட்சி அல்லது மாநகராட்சி அனுமதி, மின் இணைப்புத் துண்டிப்பு, பொதுச்சுவர்க்காரருக்கு எழுத்தில் தகவல், அவர் வீட்டு விரிசல்களின் தேதியிட்ட படங்கள். இவ்வளவும் கையில் இல்லாமல் ஒரு செங்கல்லையும் எடுக்க விடாதீர்கள்.

பிறகு இரண்டு நாள் ஒதுக்கி வீட்டை அளந்து, கோட்டுப்படம் வரையுங்கள். வாசல், நடை, முற்றம், ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், மேல்தளம், தரை எல்லாவற்றையும் படமெடுங்கள். வீட்டில் மூத்தவர்களை ஒவ்வொரு அறையிலும் நிற்கவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். என் பெரியம்மா வெறும் சமையற்கட்டில் நின்று நாற்பது நிமிடம் பேசினார். மாடத்தில் யார் விளக்கேற்றினார்கள், எந்த மூலையில் நெல் குதிர் இருந்தது, எந்தப் பிரசவம் எந்த அறையில் நடந்தது என்று அத்தனையும் அதில் இருக்கிறது. மரபுக் கட்டடங்களுக்காக 1984-ல் தொடங்கிய இன்டாக் அமைப்புக்கோ, பக்கத்துக் கட்டடக்கலைக் கல்லூரிக்கோ படங்களின் ஒரு நகலைக் கொடுங்கள்.

ஜேசிபி வரும் முன் கையால் பிரிக்கவேண்டியதைப் பிரித்துவிடுங்கள். கட்டிய வரிசைக்குத் தலைகீழாகப் போகவேண்டும்: ஓடு, ரீப்பர், கட்டை, தூண், கடைசியில் நிலை. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போடுங்கள், அதே எண்ணைக் கோட்டுப்படத்திலும் எழுதுங்கள். தூணோடு அதன் கல்பீடத்தையும் சேர்த்து எடுங்கள், தனியாக விட்டால் குப்பையோடு போய்விடும். மரத்தை வெறும் தரையில் அடுக்காமல், கல்மேல் நிழலில், காற்றுப் புகும்படி அடுக்குங்கள்.

பெரியப்பாவின் புது வீட்டில் அந்தப் பழைய நிலைதான் வாசல். கதவின் உயரம் ஐந்தரை அடி, அதனால் மேலே ஒரு கண்ணாடிச் சட்டம் வைத்துப் புதுச் சுவரோடு பொருத்தினோம். உள்ளே போகும்போது எல்லோரும் இன்னும் குனிந்துதான் போகிறார்கள்.